ஒளி வந்த வழி – 17: டீசல் படகுக்குக் காத்திருந்த தீவுகள்

"நெடுந்தீவு அருகே மீன்பிடித்த ராமேசுவரம் மீனவர்கள் கைது." இந்தத் தலைப்பைப் படிக்காத தமிழ்நாட்டு வாசகர் இருக்க மாட்டார். இரும்புலியூர் டீக்கடையில் காலைப் பேப்பரைப் புரட்டுகிறவர்களுக்கு நெடுந்தீவு என்பது ஒரு கடல் எல்லை, இலங்கைக் கடற்படையின் ரோந்துப் படகு சுற்றும் இடம். அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, பனைகளுக்கு நடுவே வீடுகள் இருக்கின்றன, அந்த வீடுகளுக்கு மாதம் தவறாமல் கரண்ட் பில் வருகிறது என்பதெல்லாம் அந்தச் செய்திக்குள் வருவதில்லை. அந்த வீடுகளில் விளக்கு எப்படி எரிந்தது, இனி எப்படி எரியப்போகிறது என்பதுதான் இந்த வாரக் கதை.

சென்ற அத்தியாயத்தில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986இல் நட்ட காற்றாலைகளில் தொடங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல் வரை வந்தோம். அந்தப் பருவக்காற்று நம் கரையோடு நின்றுவிடுவதில்லை. மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் கடந்து யாழ்ப்பாணத்துத் தீவுகளின் மீதும் வீசுகிறது. கடலுக்கு இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் சுழலத் தொடங்கிய பிறகும், அந்தப் பக்கத்துச் சிறு தீவுகளில் டீசல் ஜெனரேட்டர்கள்தான் உறுமிக்கொண்டிருந்தன. காற்றுக்கும் வெயிலுக்கும் பஞ்சமில்லாத ஊரில் ஏன் அப்படி?

தாம்பரம் பக்கத்து மின்சார வரலாறு பேசும் தொடரில் ஈழத்துத் தீவுகளுக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றும். 1931 மே மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதை மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோம். மின்கம்பி தாம்பரத்தோடு நின்றது. அடுத்தாற்போல் இருக்கும் இரும்புலியூரைக் கடந்து தெற்கே போன ரயில்களை, அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீராவி எஞ்சின்கள்தான் இழுத்தன. கம்பி எந்த ஊரோடு நிற்கிறது, அடுத்த ஊர் எத்தனை காலம் காத்திருக்கிறது என்று கேட்டுத்தான் இந்தத் தொடரையே ஆரம்பித்தேன். 2015 டிசம்பர் முதல் வாரத்தையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பல தெருக்களும் தண்ணீருக்கு நடுவே நின்றன. படகில் வந்துதான் ஆட்களை ஏற்றிப் போனார்கள். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மாடித் தொட்டி காலி, செல்போன் செத்துக் கிடந்தது. சில நாட்கள் நாம் பட்ட பாட்டை வாழ்க்கை முறையாகவே ஏற்றுக்கொண்ட ஊர்கள் நம்மிடமிருந்து ஒரு கடல் தாண்டி இருக்கின்றன.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் சில பெயரளவில்தான் இன்று தீவு. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு மூன்றும் தாம்போதிப் பாலங்களால் யாழ் நகரத்தோடு இணைந்துவிட்டன. காரைநகருக்கும் பொன்னாலை வழியாகச் சாலை இருக்கிறது. சாலை போன வழியே மின்கம்பமும் போயிற்று. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு நான்குக்கும் இன்றுவரை படகுதான். புங்குடுதீவின் முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவு கண்ணுக்கெட்டும் தூரம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரக் கடல், அதுவும் காற்று அனுமதித்தால்.

நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர். பவளப் பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள், பழைய கோட்டையின் இடிபாடு, பெருக்க மரம், தரவையில் மேயும் மட்டக்குதிரைகள் என்று சுற்றுலாப் புத்தகங்கள் பட்டியல் போடும். வாழ்கிறவர்களுக்கு முதல் கவலை தண்ணீர். சுண்ணக்கல் நிலம். மழைநீர் கீழே இறங்கி உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாக நிற்கும். கொஞ்சம் அதிகமாக இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். நல்ல தண்ணீர்க் கிணறுகள் உள்ள சாராப்பிட்டி போன்ற இடங்களைத்தான் தீவே நம்பியிருந்தது. இப்போது உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. அவை மின்சாரத்தில் ஓடுபவை. ஆகவே அங்கே மின்சாரம் நின்றால் விளக்கோடு குடிதண்ணீரும் நிற்கும். எரிசக்தி பற்றிப் பேசும் அறிக்கைகள் இதை எங்கோ ஒரு மூலையில் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கு இதுதான் கதையின் நடுப்பகுதி என்று படுகிறது.

காற்றைப் பற்றி அந்தக் கடலோரத்தாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து சோளகம். புரட்டாசி வரை ஓயாது. கார்த்திகை, மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடை. இடையில் கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பெயர். பாயை எப்போது விரிப்பது, எப்போது சுருட்டுவது என்பதற்காக வைத்த பெயர்கள் இவை. இன்று ஒரு பொறியாளர் தீவின் காற்றையும் வெயிலையும் ஆண்டு முழுக்க அளந்து வரைபடம் போட்டால், அது இந்தப் பெயர்களின் மேல் அச்சாகப் பொருந்தும். சோளகத்தில் காற்றும் உண்டு, வெயிலும் உண்டு. வாடையில் மேகம் வெயிலை மறைக்கும், காற்று ஈடுகட்டும். பங்குனி, சித்திரையில் காற்று அடங்கும். அப்போது வெயில் உச்சத்தில் நிற்கும். ஒன்று தளரும்போது மற்றொன்று தாங்குகிறது. காற்றாலையும் சூரியத் தகடும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று இந்தத் தீவுகளுக்குத் திட்டம் போட்டவர்கள் சொன்னதன் அடிப்படை இதுதான். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா ஆனி மாதத்தில், சோளகம் பலமாக அடிக்கும் நாளில் வருகிறது. ஆயிரக்கணக்கில் அடியார்கள் வந்திறங்கி, தீவின் மின்தேவை ஏறும் நாட்களும் அவைதான்.

காற்றை இப்படி அளப்பதற்கென்றே இந்தியாவில் உள்ள மத்திய அரசு நிறுவனம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. வேளச்சேரி – தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியே பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1998இல் காற்றாலைத் தொழில்நுட்ப மையமாகத் தொடங்கி, பிற்பாடு தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் என்று பெயர் மாறியது. அதன் சோதனைக் களம் கயத்தாறில். நாட்டின் காற்று வரைபடங்கள் உருவாகும் இடம் நம் சதுப்புநிலத்தின் ஓரத்தில் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தீவுகளுக்குத் திரும்புவோம்.

இலங்கை மின்சார சபை அங்கே டீசல் ஜெனரேட்டர்களை வைத்தது. அன்றைய நிலையில் வேறு வழியும் இல்லை. கடலடியில் கம்பி போட ஆகும் செலவுக்குச் சில ஆயிரம் பேர் உள்ள தீவு ஈடாகாது என்று கணக்கர்கள் சொல்வார்கள். ஆனால் டீசலின் கணக்கு அதைவிட மோசம். எண்ணெயைக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கொண்டுவந்து, படகேற்றி, இறக்கி, சேமித்து எரிக்க வேண்டும். ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு வீட்டுக்காரர் கட்டுவதைப்போலப் பல மடங்கு. நாடு முழுவதும் ஒரே கட்டண விகிதம் என்பதால் மிச்சத்தை மின்சார சபை சுமந்தது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. டீசல் எஞ்சினைக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓட்டக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு சுமையாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் சரியாக எரியாமல் கரி படியும், எஞ்சின் சீக்கிரம் கெடும். பின்னிரவில் தீவு உறங்கும்போது சில மின்விசிறிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும்தான் ஓடும். அதற்காகப் பெரிய எஞ்சினை ஓட்டுவது, ஒரு பிடி அரிசியை வடிக்கக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுவது போல.

போர்க்காலத்தைத் தொடாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினி என்ற படகைக் கடலில் மறித்து, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அந்தத் தீவுக்கு உணவும் மருந்தும் எண்ணெயும் வந்து சேர்ந்தது இதே கடல்வழியில்தான் என்பதை மனதில் வையுங்கள். 1990க்குப் பிறகு யாழ் குடாநாடே தேசிய மின்கட்டமைப்பிலிருந்து அறுந்தது. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. ஜாம் போத்தலில் திரி போட்டு, சொட்டுக் கணக்கில் எண்ணெய் ஊற்றி, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற சொல்லைக் கேள்விப்படாத ஒரு தலைமுறை, தன் கை வலுவை மின்சாரமாக்கிச் செய்தி கேட்டது. நான் இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் கலங்கவைத்த பகுதி இது.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்தே குடாநாட்டுக்குத் தேசியக் கட்டமைப்பின் மின்கம்பி திரும்பவும் வந்தது. அதுவரை எண்ணெயை நம்பியிருந்ததற்கு யாழ்ப்பாணம் கொடுத்த விலையைச் சுன்னாகம் சொல்லும். மின்நிலையங்கள் இருந்த அந்த வட்டாரத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. சுண்ணக்கல் நிலத்தில் ஓரிடத்தில் சிந்தியது எங்கெங்கோ ஊறிப் பரவும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கு இயங்கிய தனியார் அனல்மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019இல் தீர்ப்பாயிற்று. நெடுந்தீவின் நிலமும் அதே சுண்ணக்கல்தான். அங்கே கிணறு கெட்டால் பக்கத்து ஊரிலிருந்து தண்ணீர் லாரி வரவும் வழியில்லை.

முதல் மாற்றம் நான்கில் மிகச் சிறியதான எழுவைதீவில் நடந்தது. சில நூறு பேர் வாழும் தீவு. ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு, கடந்த பத்தாண்டின் நடுப்பகுதியில், சிறிய காற்றாலைகள், சூரியத் தகடுகள், லித்தியம் மின்கல அடுக்கு, துணைக்கு டீசல் எஞ்சின் ஆகியவற்றை ஒரே கட்டமைப்பாகக் கோத்தார்கள். பகலில் தகடு தரும் மின்சாரம் வீடுகளுக்குப் போனது போக மிச்சம் மின்கலத்தில் சேரும். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் தொலைக்காட்சியும் ஓடும் நேரத்தில் அது திரும்பி வரும். காற்று எப்போது அடித்தாலும் அதன் பங்கு. எதுவும் போதாதபோது எஞ்சின். நம் வீட்டு இன்வெர்ட்டரைத் தெரிந்தவர்களுக்கு இது புரியாத வித்தையில்லை. ஒரு வீட்டுக்குப் பதில் ஓர் ஊருக்கே ஓர் இன்வெர்ட்டர். எழுவைதீவை ஒரு முன்மாதிரியாக வைத்து, மற்ற மூன்று தீவுகளுக்கும் இதேபோலச் செய்யலாம் என்று கொழும்பு முடிவு செய்தது.

இங்கேதான் கதைக்குள் உலக அரசியல் நுழைகிறது.

மூன்று தீவுகளின் திட்டத்துக்கும் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவி. சர்வதேச டெண்டர் விட்டார்கள். இந்திய நிறுவனமும் போட்டியிட்டது. 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை, சினோசோர் – இடெக்வின் என்ற சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்க ஒப்புதல் தந்தது. சுமார் 1.2 கோடி டாலர் மதிப்பு. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் சீன நிறுவனமா என்று டெல்லி பதறியது. கொழும்பிடம் எதிர்ப்பைத் தெரிவித்தது. கடன் எதற்கு, நாங்கள் மானியமாகவே தருகிறோம் என்றது. கொழும்பு இழுத்தடித்தது. 2021 டிசம்பர் தொடக்கத்தில் சீனத் தூதரகம் வெளிப்படையாகவே அறிவித்தது: மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாக வேலை நிறுத்தப்படுகிறது, அதே நிறுவனம் மாலத்தீவில் 12 தீவுகளில் சூரிய மின்நிலையங்கள் அமைக்க ஒப்பந்தம் போட்டுவிட்டது. அதே மாதம் சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுப் போனார்.

2022 மார்ச் 28 அன்று இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் இருந்தபோது, மூன்று தீவுகளுக்கும் இந்திய மானியத்தில் கலப்பு மின்திட்டம் அமைக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்த வாரம் இலங்கை முழுவதுமே தீவுகளின் நிலைக்கு வந்திருந்தது. எண்ணெய் வாங்க அரசிடம் டாலர் இல்லை. ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பெட்ரோல் நிலையங்களில் மைல் கணக்கில் வரிசை. மார்ச் 31 இரவு மக்கள் ஜனாதிபதியின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். இறக்குமதி எண்ணெயை மட்டும் நம்பிய வாழ்க்கை எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதைக் கொழும்பின் வசதியான தெருக்கள் அந்த வாரம் தெரிந்துகொண்டன.

ஆனாலும் கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தாக 2024 மார்ச் 1 வரை ஆயிற்று. இந்தியாவின் மானியம் 1.1 கோடி டாலர். வேலையைப் பெற்றது பெங்களூரைச் சேர்ந்த யூ-சோலார் நிறுவனம். இலங்கைத் தரப்பில் பொறுப்பு அந்நாட்டின் நிலைபெறுதகு சக்திக்கான அதிகாரசபைக்கு. முதல் அமைச்சரவை ஒப்புதலுக்கும் இந்தக் கையெழுத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல். அந்த மூன்று சோளகமும் மூன்று வாடையும் தீவுகளின் மேல் சும்மா வீசிவிட்டுப் போயின. படகில் டீசல் வந்துகொண்டிருந்தது.

இந்தியாவின் பாதுகாப்புக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ராமேசுவரத்துக்கு எதிரே யார் வந்து உட்காருகிறார்கள் என்று ஓர் அரசு பார்க்கத்தான் வேண்டும். மானியமாகக் கொடுத்ததும் நல்ல காரியம். கடன் சுமையால் முறிந்துகொண்டிருந்த நாட்டுக்கு அது பெரிய உதவி. என் மனக்குறை வேறு. டெல்லியும் பெய்ஜிங்கும் கொழும்பும் பேசின. அனலைதீவில் நிலம் எங்கே எடுப்பது, நெடுந்தீவில் தண்ணீர் இயந்திரத்துக்கு எந்த நேரத்தில் மின்சாரம் முதலில் வேண்டும், நயினாதீவுத் திருவிழா நாளில் என்ன செய்வது என்று தீவுக்காரரை உட்காரவைத்துக் கேட்டதாக இந்த ஒப்பந்தங்களின் செய்திக் குறிப்புகளில் ஒரு வரியும் இல்லை. எல்லாச் செய்தியிலும் தீவு ஒரு புள்ளி, அதற்கு எதிரே ஒரு தூரக் கணக்கு, அவ்வளவே.

இந்தியத் திட்டத்தின் அளவைப் பார்ப்போம். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியத் தகடு, 2,400 யூனிட் சேமிக்கும் மின்கலம், 2,500 கிலோவாட் டீசல் துணை. நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும் என்று வைத்தால், தகடுகள் மட்டும் தினம் 6,800 யூனிட் அளவில் தரும். பல ஆயிரம் பேரின் வீட்டுத் தேவைக்கு இது நல்ல அளவு. மின்கலம்தான் யோசிக்க வைக்கிறது. தமிழ்நாட்டில் நமக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தக் கணக்கில் 2,400 யூனிட் என்பது 24 வீடுகளின் இரண்டு மாத இலவசம். அதை வைத்து மூன்று தீவுகளின் மாலையையும் இரவையும் கடக்க வேண்டும். அமெரிக்க சமோவாவில் டாவூ என்ற பசிபிக் தீவில் 2016இல் இதேபோல ஒரு மாற்றம் செய்தார்கள். அங்கே அறுநூறுக்கும் குறைவான மக்களுக்கு 1,400 கிலோவாட் தகடும் 6,000 யூனிட் மின்கலமும் வைத்தார்கள். மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்கும். ஒப்பிட்டால், யாழ்ப்பாணத் திட்டம் டீசலை வீட்டைவிட்டு அனுப்பவில்லை, திண்ணைக்கு மாற்றுகிறது. கார்த்திகை அடைமழையில் எஞ்சின்கள் ஓடத்தான் செய்யும். முதல் படியாக அது குற்றமில்லை. மின்கலத்தின் விலை ஆண்டுதோறும் இறங்குகிறது, பின்னால் கூட்டிக்கொள்ளலாம். டீசலே போய்விட்டது என்று யாராவது மேடையில் சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

இயந்திரத்தைவிடப் பெரிய வேலை அதற்கு அடுத்த நாள் தொடங்குகிறது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். தகடுகளின் மேல் உப்பும் தூசும் படியும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், அதுவே அங்கே அரிது. இன்வெர்ட்டரில் ஒரு பலகை எரிந்தால் மாற்றுப் பலகை கடல் தாண்டி வர வேண்டும். நம் நாட்டிலேயே வங்காளத்தின் சாகர் தீவில், கமல்பூர் என்ற ஊரில், 1996இல் 26 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்தார்கள். எஸ்.பி. கோன் சௌத்ரி என்ற பொறியாளர் முன்னின்ற திட்டம். மாலையில் சில மணி நேரம் மட்டும் மின்சாரம். ஊர்க் கூட்டுறவுச் சங்கம் கட்டணம் வசூலித்தது, பழுதைப் பார்த்தது. சுந்தரவனத் தீவுகளில் அதைத் தொடர்ந்து பல நிலையங்கள் வந்தன. ஆள் ஊரில் இருந்தால் இயந்திரம் ஓடும் என்பது அங்கிருந்து கிடைத்த அனுபவம்.

ஸ்காட்லாந்தின் மேற்கே ஈக் என்று ஒரு தீவு. நூறு பேர் அளவில் வாழ்கிறார்கள். ஒரு நிலப்பிரபுவிடமிருந்து 1997இல் மக்களே தீவை விலைக்கு வாங்கினார்கள். 2008 வரை வீட்டுக்கு வீடு தனித்தனி டீசல் எஞ்சின். அந்த ஆண்டில் சிறு நீர்மின்சாரம், காற்று, வெயில் மூன்றையும் இணைத்துச் சொந்த மின் நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விதி எனக்கு மிகப் பிடிக்கும். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது, கடைகளுக்கு 10. காற்று மிகுந்து மின்சாரம் மிஞ்சினால் அது ஊர்ப் பொதுமண்டபத்தையும் தேவாலயத்தையும் சூடாக்கப் போகும். பணக்காரர், ஏழை எல்லோருக்கும் ஒரே வரம்பு. வரம்பைப் போட்டவர்கள் அவர்களே என்பதால் மீறுகிறவரும் இல்லை. டென்மார்க்கின் சாம்சோ தீவில் 1997இல் அரசுப் போட்டியொன்றில் வென்று மாற்றத்தைத் தொடங்கினார்கள். 2000இல் தரையில் 11 காற்றாலைகள், பின்பு கடலில் 10. தரையில் நிற்பவற்றில் பெரும்பாலானவை உள்ளூர் விவசாயிகளுடையவை. இரண்டில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பங்குதாரர்கள். தன் பங்கு சுழல்கிறது என்று தெரிந்தவருக்கு அதன் இரைச்சல் தொந்தரவாகப் படவில்லை.

நெடுந்தீவில் அப்படி ஒரு சங்கம் முடியாதா? யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் வேர் ஆழமானது. கடற்றொழிலாளர் சங்கங்களும் பனை, தென்னை வள அபிவிருத்திச் சங்கங்களும் போரிலும் உயிர்தப்பி நின்றவை. தீவிலிருந்து போய்ப் பாரிசிலும் டொரண்டோவிலும் வாழ்கிறவர்கள் ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கும் பணம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துத் தீவிலேயே வேலை கொடுத்தால், ஊரைவிட்டுப் போகும் வரிசையில் இரண்டு பேர் குறைவார்கள். மின்சாரம் நிலையாக வந்தால் ஐஸ் கிடைக்கும். ஐஸ் கிடைத்தால் மீனை அன்றே வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.

மீன் என்றதும் தலைப்புச் செய்திக்குப் போய்ச் சேர்கிறோம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் கரையிலிருந்து போகும் இழுவை மடிப் படகுகள் கடலடியை வழித்துக்கொண்டு போகின்றன. நெடுந்தீவுக்காரரின் வலைகள் அறுகின்றன. கைதாகும் நம் மீனவரின் குடும்பத் துயரம் உண்மை. வலையை இழந்த அந்தக் குடும்பத்தின் துயரமும் அதே அளவு உண்மை. இந்தியா தகடும் காற்றாலையும் மானியமாகக் கொடுக்கும் தீவில், இந்தியப் படகு வருமானத்தைக் கெடுத்தால் கரண்ட் பில்லை எந்தப் பணத்தில் கட்டுவார்கள்?

இதுவரை பேசியது தீவுக்காகத் தீவில் உண்டாகும் மின்சாரம். மன்னாரில் நடப்பது வேறு வகை. அதுவும் ஒரு தீவுதான், பாலத்தால் இணைந்தது. அதன் தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள் கொண்ட 103.5 மெகாவாட் நிலையத்தை இலங்கை மின்சார சபை திறந்தது. அந்த மின்சாரம் தேசியக் கட்டமைப்புக்குப் போகிறது. மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனம் 2023இல் அனுமதி பெற்று, கட்டணத் தகராறுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், வேறு காற்றாலைகளுக்கான பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மன்னார் மக்கள் சாலையில் மறித்தார்கள். மழைநீர் வடியும் வழி அடைபட்டு வீடுகளில் வெள்ளம் நிற்கிறது, வலசைப் பறவைகளின் பாதை மறிபடுகிறது, கரைவலை இழுக்கும் இடம் போகிறது என்றார்கள். காற்றாலை வேண்டாம் என்று அவர்கள் சொல்வதாகச் சில செய்திகள் எழுதின. அவர்கள் கேட்டது இடத்தையும் அளவையும் பற்றி. அந்தத் தீவை அடுத்த வாரம் முழுதாக எடுத்துக்கொள்வோம்.